கயிற்றை அவிழ்க்க வேண்டாத பாலம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் காரியதரிசி போன் பண்ணி, "மாமா, நீங்க இங்கிலாந்து போயிட்டு வந்தேளே, அதைப் பத்தி ஒரு அரை மணி பேசணும்" என்றார். லண்டன், தேம்ஸ் நதி, அரண்மனை வாசலில் சிப்பாய் மாறுவது எல்லாம் இங்கே பாதிப் பேர் நேரில் பார்த்தாகிவிட்டது. மீதிப் பேர் டி.வி.யில் பார்த்தாகிவிட்டது. அதனால் நான் ஒரே ஒரு பாலத்தைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். முப்பத்துநாலு வருஷம் ரயில்வேயில் பாலங்களோடு மாரடித்தவனைப் பேசக் கூப்பிட்டால் வேறு என்ன கிடைக்கும்? கடைசியில் என் சொந்தத் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் மேக்கிள்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் இருக்கிறார்கள். மான்செஸ்டருக்குத் தெற்கே, ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். 2023 செப்டம்பரில் நானும் என் மனைவியும் அங்கே ஆறு வாரம் இருந்தோம். அது பட்டுக்குப் பெயர்போன ஊர். பழைய ஜக்கார்டு கைத்தறிகளை வரிசையாக ஒரு மில்லில் அப்படியே வைத்திருக்கிறார்கள். என் மனைவி ஒரு தறிக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றாள். "ஏன்னா, இதுல கரை தனியா சேர்க்கற வழி இல்லையே, கோர்வைக்கு என்ன பண்ணுவா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் கால்வாய்க் கரைக்கு நடந்துவிட்டேன்.

நமக்குக் கால்வாய் என்றாலே பாசனம்தான் ஞாபகம் வரும். இந்தக் கால்வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் எந்த வயலுக்கும் போகவில்லை. இது சரக்குப் படகு போவதற்காகவே வெட்டியது. நிலக்கரி, கல், சுண்ணாம்பு, பஞ்சு, மில் சாமான் எல்லாம் இதில் போயிற்று. பெயர் மேக்கிள்ஸ்ஃபீல்டு கால்வாய். நீளம் சுமார் 26 மைல். 1826-ல் பார்லிமெண்டில் சட்டம் நிறைவேறி, 1831 நவம்பர் 9-ஆம் தேதி திறந்தார்கள். வழியை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தவர் தாமஸ் டெல்ஃபோர்டு. சிவில் இன்ஜினியரிங் படித்த எவனுக்கும் அந்தப் பெயர் குலதெய்வம் மாதிரி. கூட நின்று கட்டி முடித்த இன்ஜினியர் வில்லியம் கிராஸ்லி. பாஸ்லி என்ற இடத்தில் 12 லாக்குகளை ஒரே அடுக்காக வைத்து 118 அடி இறக்கியிருக்கிறார்கள். கால்வாயில் லாக் என்பது படகுக்குப் படிக்கட்டு. பக்கிங்ஹாம் கால்வாயில் பழைய லாக்குகளைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். மற்ற இடங்களில் மேட்டை வெட்டியும் பள்ளத்தில் மண் கொட்டியும் ஒரே மட்டத்தில் கொண்டு போய்விட்டார்கள். பின்னால் ரயில் பாதை போட்டவர்கள் செய்ததும் இதைத்தான்.

ஆனால் பாவம், முகூர்த்தம் தப்பிப் பிறந்த கால்வாய் அது. லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில் 1830 செப்டம்பரில் ஓட ஆரம்பித்துவிட்டது. பதினாலு மாதம் கழித்து இந்தக் கால்வாய் திறக்கிறது. 1846-லேயே ஒரு ரயில்வே கம்பெனி இதை வாங்கிவிட்டது. நான் ரயில்வேக்காரன். எங்கள் ஜாதி வாங்கிப் போட்ட கால்வாய் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பாலத்துக்கு வருகிறேன். மேக்கிள்ஸ்ஃபீல்டிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம் போனால் காங்கிள்டன் என்ற சின்ன ஊர். ஸ்டேஷனை ஒட்டியே கால்வாய் போகிறது. கரையோடு தெற்கே நடந்தால் பாம்புப் பாலம் என்று அந்த ஊர் ஜனங்கள் சொல்கிற ஒரு கல் பாலம் வருகிறது. இதே மாதிரி இந்தக் கால்வாயில் இன்னும் சில உண்டு. அந்த வட்டாரத்து மலையில் வெட்டிய கல். சொரசொரவென்று இருக்கும். திரிகை செய்ய உகந்தது, அதனால் அந்தக் கல்லுக்குத் திரிகையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த முரட்டுக் கல்லை எடுத்து, நேர்கோடே இல்லாமல், கைப்பிடிச் சுவர் முழுக்க வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாதை சுருண்டு மேலே ஏறுகிறது. பாம்பு உடம்பைச் சுருட்டித் தலையைத் தூக்கின மாதிரி இருக்கிறது. முதலில் பார்த்தபோது, அலங்காரத்துக்காக இவ்வளவு செலவா என்றுதான் எனக்குத் தோன்றிற்று. ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக அளவெடுத்துச் செதுக்கினால்தான் இப்படி வரும்.

அலங்காரம் இல்லை. அது குதிரைக்காகக் கட்டியது.

அந்தக் காலத்தில் படகை இழுத்தது குதிரை. கால்வாயின் ஒரு கரையில் அதற்கென்று பாதை உண்டு. படகு 70 அடி நீளம், 7 அடி அகலம். அதில் 25 டன் சரக்கு ஏற்றி ஒரே குதிரை இழுத்துக்கொண்டு போகும். ரோட்டில் அதே குதிரையால் அதில் பத்தில் ஒரு பங்குகூட முடியாது. சரி, ஏதோ ஒரு காரணத்துக்காகப் பாதை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாற வேண்டியிருக்கிறது. ஓர் இடத்தில் நிலச் சொந்தக்காரர் விட மாட்டார், ஓர் இடத்தில் சரக்கு இறக்குகிற துறை இருக்கும். அப்போது குதிரை பாலம் ஏறி அக்கரை போக வேண்டும். அங்கேதான் சிக்கல்.

குழந்தைகள் இப்படி முன்னால் வாருங்கள். இந்த மேஜைதான் பாலம். அடியில் தண்ணீர் ஓடுகிறது. என் இடது கை படகு, வலது கை குதிரை. நடுவில் இந்த அங்கவஸ்திரம் கயிறு. படகும் குதிரையும் மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கின்றன. அந்தப் பக்கம் போக வேண்டும். குதிரை மேஜை மேலே ஏறி, அக்கரைக்குப் போய், அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. படகு மேஜைக்கு அடியில்தானே போக முடியும்? கயிறு எங்கே இருக்கிறது பாருங்கள், மேஜை மேலே கிடக்கிறது. மாட்டிக்கொண்டது. அவிழ்த்து, அடியில் விட்டு வாங்கி, மறுபடி கட்ட வேண்டும்.

இப்போது பாம்புப் பாலம். குதிரை மேலே ஏறவில்லை. முதலில் அதே கரையோடு மேஜைக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. கயிறும் அடியிலேயே போகிறது. அந்தப் பக்கம் போன பிறகு ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி மேலே ஏறுகிறது. பாலத்தைக் கடக்கிறது. அக்கரையில் மறுபடி அந்தப் பக்கமே இறங்குகிறது. கயிறு எங்கே? கடைசி வரைக்கும் மேஜைக்கு அடியில்தான். படகு பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. ஒரு முடிச்சுகூட அவிழ்க்கவில்லை. எதிர்த்திசையிலிருந்து குதிரை வந்தால் இதே வழியைத் தலைகீழாகப் போக வேண்டியது, அவ்வளவுதான்.

(கூட்டத்தில் ஒரு மாமா, "அவிழ்த்துக் கட்டினால் ரெண்டு நிமிஷம். அதுக்கா இவ்வளவு கல் வேலை?" என்று கேட்டார்.)

நல்ல கேள்வி. நானும் அங்கே நின்று இதைத்தான் யோசித்தேன். இரண்டு நிமிஷம் பெரிதில்லை. ஆனால் 25 டன் படகு நின்றுவிட்டால் மறுபடி கிளப்ப வேண்டுமே! நின்ற வண்டியைக் கிளப்புவதுதான் கஷ்டம் என்பது எங்கள் லோகோ டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். குதிரை தோள் கொடுத்து முன்னால் சாய்ந்து, கால் வழுக்க வழுக்க முதல் சில அடி இழுக்கிறதே, அதில்தான் அதன் ஆயுசு போகிறது. ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கு 2, 3 மைல் வேகத்தில் சும்மா நடந்துகொண்டே இழுத்துவிடும். ஆகவே நிற்காமல் இருப்பதுதான் லாபம். ஸ்டிராட்ஃபோர்டு கால்வாயில் இதே தொல்லைக்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். வார்ப்பிரும்புப் பாலத்தை நடுவில் இரண்டாகப் பிளந்து, கயிறு நுழைகிற அளவுக்கு ஒரு சந்து விட்டுவிட்டார்கள். அதுவும் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கல்லை அப்படிப் பிளக்க முடியாது. ஆர்ச் என்பது ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு நிற்கிற கற்கள். நடுவில் சந்து விட்டால் அத்தனையும் தண்ணீரில்.

குதிரையோடு நடந்தது யார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ரயில் வந்து வாடகை சரிந்த பிறகு படகுக்காரனுக்குக் கரையில் வீடு வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளைப் படகிலேயே ஏற்றிக்கொண்டான். தனி ஆள் வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும், பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாமே. படகின் பின்பக்கம் சுமார் பத்தடிக்கு ஏழடி ஓர் அறை. அதில்தான் சமையல், தூக்கம், பிரசவம் எல்லாம். படகில் இத்தனை பேர்தான் இருக்கலாம், குழந்தைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று 1877-லும் 1884-லும் சட்டம் போடும்படி ஆயிற்று. அப்படியானால் மழையிலும் பனியிலும் அந்தக் குதிரைக்குப் பக்கத்தில் நடந்தது பல சமயம் எட்டு வயசு, பத்து வயசுக் குழந்தை. நனைந்த கயிற்றின் முடிச்சை அந்த விரல்கள் அவிழ்க்க வேண்டாம் என்று கட்டினவர் நினைத்தாரோ, குதிரையின் நேரத்தை மட்டும் நினைத்தாரோ, அது அவருக்கே வெளிச்சம். எப்படி இருந்தாலும் அந்தக் குழந்தைக்கு ஒரு முடிச்சு மிச்சம்.

ஆர்ச் விளிம்பிலே கையை வைத்துப் பார்த்தேன். பள்ளம் பள்ளமாகக் கோடுகள். என் விரல் நன்றாகப் பதிகிறது. கயிறு உரசின தடம். ஈரக் கயிற்றில் மணல் ஒட்டிக்கொள்ளும், அது அரம் மாதிரி கல்லை அறுக்கும். எங்கள் அக்ரஹாரத்தில் நடுக் கிணற்றின் கல்லில் இதே மாதிரிப் பள்ளம் உண்டு. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று பாட்டி அதைக் காட்டித்தான் சொல்வாள். சின்ன வயசில் அந்தப் பள்ளத்தில் விரலை விட்டு விளையாடியிருக்கிறேன். அறுபது வருஷம் கழித்து வேறு தேசத்தில் அதே காரியத்தைச் செய்துகொண்டு நின்றேன். பக்கத்தில் நாயோடு போன ஒரு பெண்மணி சிரித்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து அதே கரையில் வேறொரு பாலத்தில் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். வயசு ஐம்பது இருக்கும். கல் இடுக்குகளைச் சுரண்டிப் புதுச் சாந்து வைத்துக்கொண்டிருந்தார். முடித்த பகுதிக்கு மேலே ஈரச் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார். வாளியில் இருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, சுண்ணாம்புச் சாந்து. 2012-லிருந்து இந்தக் கால்வாய்களை ஒரு தர்ம ஸ்தாபனம் பராமரிக்கிறது. பல பாலங்கள் பாதுகாக்க வேண்டிய கட்டடங்கள் பட்டியலில் இருக்கின்றன. நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, சிமெண்ட் ஏன் வைப்பதில்லை என்று கேட்டேன். பதில் தெரிந்துகொண்டேதான் கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். சுவர் நனையும், நனைந்த ஈரம் சாந்து வழியாக வெளியே வரும். சாந்து கல்லைவிட மிருதுவாக இருந்தால் தேய்வது சாந்து. அதை இன்னொரு தலைமுறை மாற்றிக்கொள்ளும். சாந்து கெட்டியாகிவிட்டால் ஈரம் கல் வழியாக வரும், தேய்வது கல். கல்லை யார் மாற்றுவது?

நான் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் இதே வார்த்தையை எனக்கு ஒருவர் 1986-லேயே சொல்லியிருந்தார்.

அப்போது மத்திய இந்தியாவில் ஒரு சின்ன ஜங்ஷனில் நான் உதவிப் பொறியாளர். என் பகுதியில் ஒரு நாலாவுக்கு மேல் மூன்று கண் கல் ஆர்ச் பாலம். மணற்கல், சுண்ணாம்புச் சாந்து, நூறு வருஷத்துப் பாலம். பெரிய அதிகாரியின் வருடாந்தர இன்ஸ்பெக்ஷன் வருகிறது. இடுக்கெல்லாம் சாந்து உதிர்ந்து பார்க்க அசிங்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சுரண்டி சிமெண்டில் பாயிண்டிங் பண்ணச் சொன்னேன். என்னிடம் ஒரு கிழ மிஸ்திரி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. "சாஹேப், இந்தக் கல் மூச்சு விடுகிற கல். வாயை அடைக்காதீர்கள். சுண்ணாம்பு அரைத்துத் தருகிறேன், பதினைந்து நாள் கொடுங்கள்" என்று ஹிந்தியில் சொன்னார். என்னிடம் ஒன்பது நாள்தான் இருந்தது. அதோடு சின்ன வயசு, டிகிரி வேறு. சிரித்துவிட்டேன். சிரித்தது மட்டுமா, மற்றவர்கள் முன்னால், "கல் மூச்சு விடுகிறதாம், ஸ்டெதஸ்கோப் கொண்டு வாருங்கள்" என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் சிமெண்ட் கலக்கப் போனார். இன்ஸ்பெக்ஷன் நன்றாக நடந்தது. எனக்கு ரொக்கப் பரிசும் ஒரு சர்டிபிகேட்டும் கிடைத்தது. சர்டிபிகேட் இன்னும் வீட்டில் இருக்கிறது.

பன்னிரண்டு வருஷம் கழித்து வேறு உத்தியோகத்தில் அந்த வழியாக டிராலியில் போனேன். நிறுத்தச் சொல்லி இறங்கினேன். சிமெண்ட் கோடுகள் விலா எலும்பு மாதிரி அப்படியே துருத்திக்கொண்டு நின்றன. நடுவில் இருந்த கல் உள்வாங்கியிருந்தது. தட்டினால் அப்பளம் மாதிரி உரிந்தது. மிஸ்திரி எங்கே என்று விசாரித்தேன். ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய் இரண்டு வருஷத்தில் காலமாகிவிட்டார் என்றார்கள்.

இங்கே ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். நம்மில் பலர் சொந்த ஊர்க் கோயில் திருப்பணிக்கு இங்கிருந்து பணம் அனுப்புகிறோம். ரசீது வந்ததா, கும்பாபிஷேகப் பத்திரிகையில் பெயர் வந்ததா என்று பார்க்கிறோம். அடுத்த தடவை பழைய மண்டபத்திலும் மதிலிலும் எந்தச் சாந்து வைக்கப் போகிறார்கள் என்றும் ஒரு போன் பண்ணிக் கேளுங்கள். ஸ்தபதிக்குத் தெரியாமல் இருக்காது. அவசரப்படுத்துகிறவர்கள் நாம்தான். நன்கொடை கொடுத்தவருக்கு லீவு கிடைக்கிற தேதிக்குள் வேலை முடிய வேண்டும் என்று அவர் கழுத்தைப் பிடிக்கிறோம்.

இங்கிலாந்திலிருந்து திரும்பிய பிறகு, 2024 ஜனவரியில், ஒரு கல்யாணத்துக்காக அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. ஜங்ஷனில் இறங்கி என் பையனோடு ஆட்டோ பிடித்து அந்தப் பாலத்துக்குப் போனேன். இப்போது பக்கத்திலேயே ஆர்.சி.சி. பாக்ஸ் போட்டாகிவிட்டது. ரயில் அதில்தான் போகிறது. பழைய ஆர்ச் தனியாக, மேலே தண்டவாளம் இல்லாமல் நிற்கிறது. ஆடு மேய்க்கிற பையன்கள் வெயிலுக்கு ஒதுங்குகிறார்கள். கல் முன்பைவிட இன்னும் உதிர்ந்திருக்கிறது.

என் பையன் மேலே கையைக் காட்டி, "அப்பா, அந்த ரெண்டு வரிசை மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?" என்று கேட்டான். நடுக் கண்ணின் உச்சியில், ஒரு மூலையில், இரண்டு வரிசைக் கல் முழுசாக இருந்தது. உளி கொத்தின தடம்கூட மழுங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சாரம் அந்த உயரத்துக்கு எட்டவில்லை. மிஸ்திரி வந்து, "சாஹேப், இன்னும் ஒரு கம்பு கட்டட்டுமா" என்று கேட்டார். நேரமில்லை, கீழேயிருந்து பார்த்தால் தெரியாது, விடு என்று நான்தான் சொன்னேன்.

 காபி ரெடி என்று காரியதரிசி ஜாடை காட்டுகிறார்.